மே மாச பிரேக், தேதி இல்லாத ராஜினாமா லெட்டர்... கையெழுத்துப் போடலாமா?

கணக்கு டீச்சர் (2025 ஏப்ரல் 24, ராத்திரி 10.40)

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு எய்டட் (அரசு உதவி பெறுற) காலேஜ், அதுல சுயநிதிப் பிரிவுல காமர்ஸ் எடுக்குறேன், காலேஜ் பேர் வேணாம். 2020 ஜூலை 6 சேர்ந்தேன், கொரோனா நேரம், மொத கிளாஸே கூகுள் மீட்லதான், புள்ளைங்க மூஞ்சியப் பாக்கவே எட்டு மாசம் ஆச்சு. அப்ப 12,000, இப்ப 18,000 கன்சாலிடேட்டட், அதாவது மொத்தமா ஒரே தொகை. பிஎச்டி வைவா போன டிசம்பர்ல முடிஞ்சிருச்சு.

வருஷா வருஷம் ஏப்ரல் 30-ஓட ஆர்டர் முடியும், ஜூன் நடுவுல புது ஆர்டர் குடுப்பாங்க. நடுவுல சம்பளம் கிடையாது, ஆனா மே மாசம் அட்மிஷன் டேபிள்ல உக்காரணும், அப்ளிகேஷன் குடுக்கணும், அதுக்கு ஒரு சாப்பாட்டு டோக்கன் மட்டும் உண்டு. இதெல்லாம் பழகிப்போச்சு, கேள்வி அது இல்ல.

இந்த வருஷம் புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க. ரினியூவலுக்கு செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம், ரிசல்ட் அனாலிசிஸ், ஆளுக்கு அஞ்சு அட்மிஷன் புடிச்சுத் தரணும்ங்கிற பேச்சு, இதோட சேத்து ஒரு லெட்டர். "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்"னு டைப் அடிச்சு வச்சிருக்காங்க, தேதின்னு போட்டு பக்கத்துல புள்ளி புள்ளியா விட்டிருக்கு. இன்னைக்கு ஆபீஸ் டேபிள்ல பதினோரு லெட்டர் அடுக்கி இருந்துச்சு, பேர் மட்டுந்தான் மாறுது. எங்க டிபார்ட்மென்ட் சார் ஒருத்தர் என்கூடவே அதே நாள்ல சேந்தவரு, அவரு லெட்டர்ல வேற யாரு இனிஷியலோ இருந்துச்சு, மனுசன் அதையும் பேனாவ எடுத்துத் திருத்திட்டு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரு. நான் "தலைவலி, நாளைக்குப் போடுறேன்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

எதுக்கு இந்த லெட்டர்னு கேட்டா, ஃபார்மாலிட்டி மேடம்ங்கிறாங்க. போடலேன்னா ரினியூவல் வராதோன்னு பயமா இருக்கு, போட்டா என்ன ஆகும்னும் தெரியல. ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வேற சேந்தப்பவே வாங்கி பீரோவுல வச்சிருக்காங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

புதூர்க்காரன்

மேடம் ரொம்ப யோசிக்காதீங்க. நான் வேற காலேஜ், மூணு வருஷமா இதே மாதிரி லெட்டர் போட்டுட்டுத்தான் இருக்கேன், ஜூன் வந்தா ஆர்டர் வருது, அம்புட்டுதான். சண்டை போட்டு என்னத்தக் கண்டோம், இந்த சம்பளத்துக்குப் பத்து பேர் வாசல்ல நிக்கிறான். போட்டுட்டு நிம்மதியா சித்திரைத் திருவிழா பாருங்க, மே 12 அழகர் ஆத்துல எறங்குறாரு.

ஓய்வு சூப்பிரண்டு

அம்மா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சுருங்க. முப்பத்தோரு வருஷம் காலேஜ் ஆபீஸ்ல குப்பை கொட்டுனவன், இந்த மாதிரி லெட்டர நானே அடிச்சும் குடுத்திருக்கேன், அந்தப் பாவத்துக்குத்தான் இப்ப உக்காந்து டைப் பண்றேன்னு வச்சுக்கங்க.

இந்த லெட்டர் ரினியூவலுக்காக வாங்குறது இல்ல. ஆர்டர்லயே ஏப்ரல் 30 வரைன்னு போட்டிருக்கு, தேதி முடிஞ்சா வேலை தானா முடிஞ்சிரும், முடியப்போற வேலைக்கு எதுக்கு ராஜினாமா? காரணம் வேற. நீங்க சேந்த தேதியப் பாருங்க, 2020 ஜூலை 6. அஞ்சு வருஷம் ஆகப்போகுது. அஞ்சு வருஷம் தொடர்ச்சியா வேலை பாத்தா கிராஜுவிட்டி, அதாவது வேலைய விட்டுப் போறப்ப வர்ற பணிக்கொடை, குடுக்கணும். டீச்சருக்கு அது கிடையாதுன்னு ஒரு காலத்துல இருந்துச்சு, 2009-ல சட்டத்தத் திருத்தி 1997 ஏப்ரல் 3-லேர்ந்தே உண்டுன்னு போட்டாங்க, தனியார் பள்ளிக்கூடக்காரங்க எல்லாம் சேந்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க, 2022 ஆகஸ்டுல அந்தத் திருத்தம் செல்லும்னு தீர்ப்பு வந்துருச்சு.

கணக்கையும் பாத்துருவோம், நீங்கதான் காமர்ஸ் ஆச்சே. கடைசி சம்பளத்த 15-ஆல பெருக்கி 26-ஆல வகுத்து, அத வருஷத்தால பெருக்கணும். உங்களுக்கு பேசிக், டிஏன்னு பிரிப்பே இல்லாததால முழு 18,000-த்தையும் வச்சா ஒரு வருஷத்துக்கு 10,384 சொச்சம், அஞ்சு வருஷத்துக்கு 51,923. பதினோரு பேருக்குப் போட்டுப் பாருங்க, ஏன் லெட்டர் அடிச்சாங்கன்னு புரியும்.

அஞ்சு வருஷம் முழுசா ஆகலியேன்னு நினைக்காதீங்க. நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் ஆயிட்டாலே அது ஒரு வருஷக் கணக்குன்னு மேட்டூர் பியர்ட்செல் கேஸ்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டு சொல்லியிருக்கு. (வாரத்துக்கு அஞ்சு நாள் வேலைன்னா 190 நாளே போதும்.) உங்களுக்கு போன ஜூலை 6-லேர்ந்து இந்த ஏப்ரல் 30 வரைக்கும் எண்ணுனா 299 நாள். அதாவது இப்பவே தாண்டியாச்சு. தேதி இல்லாத லெட்டர்ல அவங்க இஷ்டத்துக்கு 240-க்கு உள்ள ஒரு தேதியப் போட்டுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? அதுதான் அந்தப் புள்ளி புள்ளிக்கு அர்த்தம்.

அடுத்து மே மாச பிரேக். காகிதத்துல பிரேக், நெசத்துல அட்மிஷன் டேபிள்ல உக்காந்திருக்கீங்க. அந்த டூட்டி சர்க்குலர்ல உங்க பேர் இருக்கும், வாட்ஸப் குரூப்புல போட்டிருந்தா இன்னைக்கே எடுத்து வைங்க. பேப்பர் வேல்யுவேஷன் ஆர்டர், இன்விஜிலேஷன் லிஸ்ட், எல்லாமே உதவும். ரொம்ப முக்கியமா பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியப் பாருங்க. வருஷா வருஷம் உங்கள வெளிய அனுப்பி திரும்ப எடுத்ததா இருந்தா ஒவ்வொரு தடவையும் டேட் ஆஃப் எக்ஸிட் ஏத்தியிருக்கணும். நெறைய காலேஜ்ல கிளார்க்கு சோம்பேறித்தனத்துல அத ஏத்தவே மாட்டான் (நான் ஏத்துனதில்ல). எக்ஸிட் காலியா இருந்துச்சுன்னா அதுவே உங்களுக்குப் பெரிய சாட்சி.

இப்ப என்ன செய்யணும்னா, சண்டையெல்லாம் வேணாம். போடத்தான் வேணும்னு நின்னாங்கன்னா, புள்ளி இருக்குற எடத்துல உங்க கையாலயே அன்னைக்குத் தேதிய எழுதிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. குடுக்குறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ. சாயங்காலம் பிரின்சிபால் மெயிலுக்கு மரியாதையா ரெண்டு வரி, "இன்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டபடி கடிதம் கொடுத்துள்ளேன், 2025-26 பணி ஆணைக்குக் காத்திருக்கிறேன்"ன்னு. அது போதும்.

புதூர்க்காரன்

சார் அப்ப நான் போட்ட மூணு லெட்டர்?

ஓய்வு சூப்பிரண்டு

ஃபைல்ல பத்திரமா இருக்கும் தம்பி. உங்க பிஎஃப்ப மொதல்ல பாருங்க.

உசிலம்பட்டி கெஸ்ட்

அரசு கல்லூரியில கௌரவ விரிவுரையாளரா இருக்கேன். எங்க கதையும் சொல்றேன், ஆறுதலுக்கு. எங்களுக்கு 25,000, வருஷத்துக்கு 11 மாசம், மே மாசம் ஊர்ல எல்லாரும் ஆத்துல அழகரப் பாப்பாங்க, நாங்க அக்கவுண்ட் பேலன்ஸப் பாப்போம். எங்களுக்கு லெட்டர் எல்லாம் கேக்க மாட்டாங்க, அரசாணை வந்தாத்தான் சம்பளம், அது வர்ற வரைக்கும் கிளாஸ் மட்டும் எடுத்துட்டே இருக்கணும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019 ஜனவரியிலயே கெஸ்ட் ஃபேகல்ட்டிக்கு ஒரு லெக்சருக்கு 1,500, மாசம் 50,000 வரைன்னு சொல்லிருச்சு, அந்தப் பேப்பர லேமினேட் பண்ணி வீட்ல மாட்டலாம்னு இருக்கேன்.

டீச்சர், ஒண்ணு மட்டும். எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட்ட அப்பப்பவே வாங்கிருங்க, மொத்தமா அப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டா சண்டை வந்த பின்னாடி ஒரு பய கையெழுத்துப் போட மாட்டான். பிரேக் இருந்தா எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதின்னு தனித்தனியா போடச் சொல்லுங்க. டிஆர்பிக்கு (ஆசிரியர் தேர்வு வாரியம்) அப்ளை பண்றப்ப இதுக்காகவே நான் மண்டல இணை இயக்குநர் ஆபீசுக்கு நாலு தடவ அலைஞ்சேன்.

கருப்புக் கோட்டு

ஹைகோர்ட்டு மதுரை பெஞ்சுல பிராக்டிஸ் பண்றேன், ஒத்தக்கடைப் பக்கம் டீக்கடையில வாரத்துக்கு ரெண்டு லெக்சரர் இதே கேள்வியோட வருவாங்க. சூப்பிரண்டு சார் கிராஜுவிட்டி பத்திச் சொன்னது சரி, அதுல நான் கை வைக்கல. ரினியூவல் பத்தி மட்டும் சொல்றேன்.

240 நாள் வேலை பாத்தா பெர்மனன்ட்னு ஊர்ல ஒரு பேச்சு இருக்கு பாருங்க, அது டீச்சருக்கு இல்ல. தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'ஒர்க்மேன்' (தொழிலாளி) கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 1988-லயே சுந்தராம்பாள் கேஸ்ல சொல்லிருச்சு, அதனால லேபர் கோர்ட்டுப் பக்கம் போக முடியாது. அதே மாதிரி பத்து வருஷம் டெம்பரரியா இருந்துட்டேன், நிரந்தரம் பண்ணுங்கன்னு கேட்டா டெம்பரரி ஆளு நிரந்தரத்த உரிமையாக் கேக்க முடியாதுங்கிற 2006 உமாதேவி தீர்ப்பத் தூக்கிப் போடுவாங்க. போன டிசம்பர்ல ஜக்கோ கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே, உமாதேவிய வச்சு நீண்ட நாள் வேலை பாத்தவங்கள சுரண்டக் கூடாதுன்னு சொல்லியிருக்கு, அது நல்ல விஷயம், ஆனா ரெண்டுமே அரசு சம்பந்தப்பட்ட வேலைக்கு வந்த தீர்ப்பு, சுயநிதிப் பிரிவுக்கு அத அப்படியே தூக்கிட்டு வர முடியாது.

உங்க கையில இருக்குற நல்ல காகிதம் யுஜிசி 2018 ரெகுலேஷன். அதுல 13-வது பிரிவு முழுக்க கான்ட்ராக்ட் ஆசிரியர் பத்திதான். மொத்த இடத்துல பத்து சதவீதத்துக்கு மேல கான்ட்ராக்ட் கூடாது, தகுதியும் தேர்வு முறையும் ரெகுலர் ஆளுக்கு என்னவோ அதேதான், சம்பளம் ரெகுலர் அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் வாங்குற மொத்த மாசச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது (சிரிக்காதீங்க), மொத ஆர்டர் ஒரு கல்வியாண்டுக்கு மேல போகக் கூடாது, மறுபடி எடுக்குறதுக்கு முன்னாடி கல்வி சார்ந்த செயல்பாட்ட ரிவ்யூ பண்ணணும். கல்வி சார்ந்ததுன்னு இருக்கு, கவனிங்க. அஞ்சு அட்மிஷன் புடிச்சுட்டு வர்றது கல்விச் செயல்பாடா? அதனால செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம நல்லா ஃபில் பண்ணுங்க, எடுத்த பேப்பர், ரிசல்ட், பிஎச்டி, எல்லாத்தையும் போட்டு நகல்ல ஆபீஸ் சீல் வாங்கிருங்க. நாளைக்கு ரினியூவல் இல்லேன்னா "ரிவ்யூல என்ன வந்துச்சு"ன்னு கேக்குறதுக்கு அதுதான் பிடி.

கேட்டா சொல்ல மாட்டாங்கன்னா ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்டம்) இருக்கு. அரசுப் பணம் கணிசமா வாங்குற கல்லூரி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பப்ளிக் அதாரிட்டிதான்னு 2019-ல டிஏவி கேஸ்ல தீர்ப்பாயிருச்சு, உங்க காலேஜ் எய்டட். பத்து ரூவா கட்டணம், 30 நாள்ல பதில்.

இன்னொண்ணு, உங்கள எடுத்துட்டு அந்த எடத்துக்கு ரெகுலர் ஆளப் போடாம வேற ஒரு டெம்பரரி ஆளப் போட்டா, அது தப்புன்னு ஹர்குர்பிரதாப் சிங்னு ஒரு பஞ்சாப் கேஸ் இருக்கு, காலேஜ் லெக்சரர் கேஸேதான். அரசு கல்லூரிக்காரங்களுக்கு அது நேரடியா உதவும், உசிலம்பட்டி நண்பர் குறிச்சு வச்சுக்கங்க.

சர்ட்டிபிகேட் விஷயம் சிம்பிள். பிடிச்சு வைக்க அவங்களுக்கு உரிமையே கிடையாது, மெட்ராஸ் ஹைகோர்ட்டு எத்தனையோ தடவ சொல்லியாச்சு. "டிஆர்பி வெரிஃபிகேஷனுக்கு வேணும்"னு எழுதிக் குடுத்துக் கேளுங்க, வாங்குன பின்னாடி திரும்பக் குடுக்காதீங்க.

மல்லிகை

அண்ணா நடுவுல ஒரு கேள்வி, கோச்சுக்காதீங்க. எனக்கு இப்ப ஆறாவது மாசம். ஆர்டர் ஏப்ரலோட முடியுது, ஜூலையில பிரசவம். "குழந்தை பொறந்து வாங்கம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்"ங்கிறாங்க. சம்பளம் 16,500.

கருப்புக் கோட்டு

தங்கச்சி, பே-ஸ்லிப்புல ஈஎஸ்ஐ பிடிக்கிறாங்களான்னு இன்னைக்கே பாருங்க. 21,000-க்குள்ள சம்பளம்னா பிடிச்சிருக்கணும், தமிழ்நாட்டுல கல்வி நிறுவனங்களுக்கும் ஈஎஸ்ஐ உண்டு. பிடிச்சிருந்து போதுமான நாள் கட்டியிருந்தா 26 வார மகப்பேறு காசு ஈஎஸ்ஐ ஆபீஸே உங்க அக்கவுண்டுக்குப் போடும், காலேஜ் தயவே வேணாம். பிடிக்கலேன்னா சொல்லுங்க. கான்ட்ராக்ட் தேதி முடிஞ்சாலும் மகப்பேறு பலன் அதோட முடியாதுன்னு 2023 ஆகஸ்டுல கவிதா யாதவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு, தனியார் காலேஜுக்கு அது எப்படிப் பொருந்தும்னு வாதம் வரும், பேசலாம். நல்லபடியா இருங்க, ரொம்ப அலையாதீங்க.

திருமங்கலத்தான்

நான் இப்ப கலிஃபோர்னியாவுல லெக்சரர், டெனியூர் டிராக் இல்லாத, அதாவது நிரந்தரத்துக்கு வழி இல்லாத வேலை. அமெரிக்கான்னா சொர்க்கம்னு நினைக்காதீங்க, இங்கயும் ஏப்ரல் மே வந்தா மெயில் பாக்ஸையே வெறிச்சுப் பாத்துட்டு இருக்குறவங்கதான் பாதிப்பேர். ஒரே வித்தியாசம் யூனியன். கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி லெக்சரர்களுக்கு முன்னாடி கிட்டத்தட்ட ஆறு வருஷம் உங்களாட்டம்தான், வருஷா வருஷம் தெரியாது. 2021 நவம்பர்ல ஸ்டிரைக்குக்கு நாள் குறிச்சாச்சு, போர்டெல்லாம் எழுதியாச்சு, ஸ்டிரைக்கு ஆரம்பிக்கிற அன்னைக்கு விடியக்காலைல ஒப்பந்தம் ஆச்சு. இப்ப மொதல்ல ஒரு வருஷம், ரிவ்யூ, அப்புறம் ரெண்டு வருஷம், அப்புறம் மூணு வருஷம், ஆறு முடிஞ்சு ஒரு பெரிய ரிவ்யூல பாஸ் ஆனா கண்டினியூயிங் அப்பாயின்ட்மென்ட், அதுக்கு முடிவுத் தேதி கிடையாது.

இன்னொரு விஷயம் எனக்குப் பிடிச்சது, வேணாம்னா முன்கூட்டியே சொல்லணும்ங்கிறது. இங்க ஏஏயூபின்னு பேராசிரியர் சங்கம் 1964-லேர்ந்து ஒரு அளவு வச்சிருக்கு, மொத வருஷ ஆளுன்னா மார்ச் 1-க்குள்ள, ரெண்டாவது வருஷம்னா டிசம்பர் 15-க்குள்ள, அதுக்கு மேல இருந்தா பன்னெண்டு மாசம் முன்னாடி. சட்டம் இல்ல, பரிந்துரைதான், பல எடத்துல மதிக்கிறதும் இல்ல. ஆனா கேக்குறதுக்கு ஒரு தேதியாவது இருக்கு.

உசிலம்பட்டி கெஸ்ட்

பன்னெண்டு மாசம் முன்னாடியா! எங்களுக்குப் பன்னெண்டு நாள் கழிச்சுத்தாண்ணே தெரியும்.

கணக்கு டீச்சர் (ஏப்ரல் 26)

ரொம்ப நன்றி சார், எல்லாருக்கும். நேத்து போனேன். சூப்பிரண்டு சார் சொன்ன மாதிரியே தேதி எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க்கு பாத்துட்டு, "மேடம் தேதி நாங்க போட்டுக்குவோமே"ன்னாரு. "பழக்க தோஷம் சார், பேங்க் செக்குல கூட மொதல்ல தேதிதான் எழுதுவேன்"னு சொன்னேன். ஒண்ணும் பேசல, வாங்கி டிராயருக்குள்ள போட்டுட்டாரு. கை லேசா நடுங்குச்சு, உண்மையச் சொல்லணும்ல. பிஎஃப் பாத்தேன், 2020-லேர்ந்து ஒரே கோடு, எக்ஸிட் எதுவுமே இல்ல.

கணக்கு டீச்சர் (டிசம்பர் 9)

பழைய திரிய மேல கொண்டு வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்கு ஜூன் 18 ஆர்டர் வந்துருச்சு, சர்ட்டிபிகேட்டும் வாங்கிட்டேன். பதினோரு பேர்ல ரெண்டு பேருக்கு வரல. அதுல ஒருத்தர் எங்க டிபார்ட்மென்ட் சார், அதான் இனிஷியலத் திருத்திக் குடுத்தாருன்னு சொன்னேனே, அவரு. கிராஜுவிட்டி கேட்டு எழுதிக் குடுத்ததுக்கு, நீங்கதான் பிப்ரவரி 14-ஏ ராஜினாமா பண்ணிட்டீங்களேன்னு அந்த லெட்டர் நகல அனுப்பியிருக்காங்க. தேதி எடத்துல வேற கையெழுத்துல 14.2.2025-ன்னு இருக்கு. எண்ணிப் பாத்தேன், ஜூலை 6-லேர்ந்து 224 நாள்தான் வருது. மனுசன் ஒடிஞ்சு போயிட்டாரு.

கருப்புக் கோட்டு

இதத்தான் சூப்பிரண்டு சார் அன்னைக்கே சொன்னாரு. பிப்ரவரிக்கு அப்புறம் மார்ச், ஏப்ரல் சம்பளம் அக்கவுண்டுல ஏறியிருக்கும்ல, அந்த ஸ்டேட்மென்ட் போதும். தொழிலாளர் துறையில கிராஜுவிட்டி அதிகாரிகிட்ட மனு போடச் சொல்லுங்க, வக்கீல் கூட கட்டாயம் இல்ல, லேட்டானதுக்கு வட்டியும் கேக்கலாம். புதுசாப் படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம், நவம்பர் 21-லேர்ந்து புது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துருச்சு, காலம் குறிச்ச கான்ட்ராக்ட் ஆளுக்கு அதுல அஞ்சு வருஷம் தேவையில்ல, ஒரு வருஷமே போதும். ஆனா சார் வெளிய வந்தது அதுக்கு முன்னாடிங்கிறதால பழைய 1972 சட்டத்துலயே போகட்டும்.

ஓய்வு சூப்பிரண்டு

அம்மா, அந்த நகல நல்லா உத்துப் பாக்கச் சொல்லுங்க. இனிஷியலப் பேனாவுல திருத்துனாருன்னு சொன்னீங்கல்ல. திருத்துன எடத்துக்குப் பக்கத்துல சின்னதா சுருக்கொப்பம் போட்டு தேதி எழுதுறது நம்ம ஊர் வாத்தியாருங்க பழக்கம், மார்க் ஷீட்டுல திருத்தித் திருத்தி வந்தது. போட்டிருக்காரா?

கணக்கு டீச்சர்

இருங்க சார், போன் பண்ணிக் கேக்குறேன்.

கணக்கு டீச்சர்

போட்டிருக்காரு சார். 24/4-ன்னு.